பனிமலைப் படங்கள் சொல்லும் பருவநிலைக் கதை: மலை மக்கள் அன்று தாக்குப்பிடித்தது எப்படி, இன்று முடியாமல் போவது ஏன்?

2025 ஆகஸ்ட் 5-ம் தேதி மதியம், உத்தராகண்டின் உத்தரகாசி மாவட்டத்தில், கங்கோத்ரிக்குப் போகும் வழியில் இருக்கும் தராலி கிராமத்தின் மீது கீர் கங்கா ஓடையிலிருந்து சேறும் பாறையும் பாய்ந்து இறங்கின. பல மாடி ஹோட்டல்களும் வீடுகளும் சில நொடிகளில் மறைந்துபோயின.

எதிர்க்கரை மேட்டில் உள்ள முக்பா கிராமத்து மக்கள் அதைச் செல்போனில் படம் பிடித்தார்கள். அந்த வீடியோவை நீங்களும் பார்த்திருப்பீர்கள். வெள்ளத்தின் இரைச்சலுக்கு நடுவே விசில் சத்தமும் கூச்சலும் கேட்கும். கீழே இருப்பவர்கள் எப்படியாவது ஓடித் தப்பிக்கட்டும் என்று மேலே இருந்தவர்கள் எழுப்பிய சத்தம் அது.

அதே நாட்களில் இன்னொரு செய்தியும் வந்தது. தராலியில் இருந்த கல்ப கேதார் என்ற பழைய சிவன் கோயிலும் சேற்றில் புதைந்துவிட்டது என்பதுதான் அது. அந்தக் கோயில் புதைந்தது இது முதல்முறை இல்லை. முன்பு ஏதோ ஒரு பேரிடரில் மண்ணுக்குள் போய், பல காலம் உச்சி மட்டுமே வெளியே தெரிந்ததாகவும், 1945-ல் சுற்றிலும் தோண்டி அதை வெளிக்கொண்டு வந்ததாகவும் உள்ளூரில் சொல்கிறார்கள்.

அதாவது, அந்த ஓடை ஏற்கெனவே ஒருமுறை ஊருக்குள் வந்து போயிருக்க வேண்டும். அதற்குச் சாட்சியாக ஒரு கோயிலே நின்றுகொண்டிருந்தது. அப்படியும் ஓடை கொண்டுவந்து கொட்டிய மண் விசிறியின் மேலேயே ஹோட்டல்கள் எழுந்தன.

மலையில் வாழ்ந்த முந்தைய தலைமுறைகள் பருவநிலை மாற்றத்தை எப்படி எதிர்கொண்டன? அவர்கள் கற்ற பாடம் எங்கே பதிவாகியிருக்கிறது? கோயில், வழிபாடு, பாட்டு, பஞ்சாங்கம் என்று பல இடங்களில் அது சிதறிக் கிடக்கிறது. கடந்த 100 ஆண்டுகளில் இன்னோர் இடமும் சேர்ந்திருக்கிறது. அதுதான் திரைப்படம். இமயமலையைப் படம் பிடித்த சில படங்களை வைத்து இந்தக் கேள்விகளுக்குப் பதில் தேடுகிறது இந்தக் கட்டுரை.

சரி, இதுக்கும் சினிமாவுக்கும் என்ன சம்பந்தம்?

பருவநிலை மாற்றம் என்றாலே நமக்கு வரைபடங்களும் வெப்பநிலைப் புள்ளிவிவரங்களும்தான் ஞாபகம் வரும். ஆனால் இமயமலையின் உயரமான பகுதிகளில் வானிலை நிலையங்கள் மிகக் குறைவு. நீண்ட காலமாகத் தொடர்ந்து அளந்து வைத்த கணக்கு அதைவிடக் குறைவு.

தராலியையே எடுத்துக்கொள்வோம். முதலில் எல்லோரும் 'மேகவெடிப்பு' என்றுதான் சொன்னார்கள். ஒரு சிறிய பகுதிக்குள் ஒரு மணி நேரத்தில் சுமார் 100 மில்லிமீட்டர் மழை கொட்டினால்தான் இந்திய வானிலைத் துறை அதை மேகவெடிப்பு என்று கணக்கில் எடுக்கும். அருகில் இருந்த நிலையங்களில் அந்த அளவுக்கு மழை பதிவாகவில்லை. ஓடை தொடங்கும் உயரத்திலோ அளக்கக் கருவி இல்லை.

கருவி இல்லாத இடத்தில் என்ன நடந்தது என்பதை இரண்டு சாட்சிகளிடம்தான் கேட்க முடியும். ஒன்று நிலம். பனிப்பாறை விட்டுச்சென்ற கல்மேடு, ஏரியின் அடிச்சேறு, மரத்தின் வளையம் போன்றவை. இன்னொன்று அங்கே வாழும் மனிதர்கள்.

நிலம் சொல்வதை விஞ்ஞானிகள் ஓரளவு படித்துவிட்டார்கள். சுமார் 400 முதல் 700 ஆண்டுகளுக்கு முன்பு, 'சிறு பனியுகம்' என்று அழைக்கப்படும் குளிர்ந்த காலத்தில், இமயமலைப் பனிப்பாறைகள் பெரிதாக வளர்ந்திருந்தன. அன்றிலிருந்து இன்றுவரை அவை தங்கள் பரப்பில் சுமார் 40 சதவீதத்தை இழந்துவிட்டன என்றது பிரிட்டனின் லீட்ஸ் பல்கலைக்கழகத்தினர் 2021-ல் வெளியிட்ட ஆய்வு. கடந்த சில பத்தாண்டுகளில் பனி உருகும் வேகம், அதற்கு முந்தைய நூற்றாண்டுகளின் சராசரியைவிடப் பத்து மடங்கு என்றும் அது கணக்கிட்டது.

மனிதர்கள் சொல்வதைத்தான் நாம் இன்னும் சரியாகக் கேட்கவில்லை. கேட்டால் என்ன கிடைக்கும் என்பதற்கு சுவிட்சர்லாந்தில் ஓர் உதாரணம் இருக்கிறது.

ஆல்ப்ஸ் மலையின் மிகப்பெரிய பனிப்பாறையான அலெட்ச், சிறு பனியுகத்தில் கீழ்நோக்கி வளர்ந்து வந்தது. பக்கத்தில் இருந்த ஏரி அடிக்கடி உடைந்து வயல்களை அழித்தது. 1678-ல் ஃபீஷ் என்ற கிராமத்து மக்கள், 'நாங்கள் ஒழுக்கமாக வாழ்கிறோம், பனிப்பாறை மேலும் வளராமல் இருக்கட்டும்' என்று கடவுளிடம் நேர்த்திக்கடன் வைத்தார்கள். தலைமுறை தலைமுறையாக அந்தப் பிரார்த்தனை நடந்தது. பிறகு பனிப்பாறை சுருங்கத் தொடங்கியது. நிற்காமல் சுருங்கிக்கொண்டே போனது. கடைசியில், 'பனிப்பாறை சுருங்காமல் இருக்கட்டும்' என்று பிரார்த்தனையை மாற்றிக்கொள்ள அவர்கள் போப்பிடம் அனுமதி கேட்டார்கள். 2010-ல் அனுமதி கிடைத்தது.

சுமார் 330 ஆண்டுகாலப் பருவநிலை வரலாறு ஒரே நேர்த்திக்கடனுக்குள் அடங்கியிருக்கிறது. இப்படிப்பட்ட பதிவுகள் இமயமலையிலும் உண்டு. அவற்றில் சிலவற்றைத்தான் கேமரா, தெரிந்தோ தெரியாமலோ, பிடித்து வைத்திருக்கிறது.

1924: பனியைப் பார்த்த கேமரா

இமயமலையைப் பற்றிய ஆரம்பகாலப் பெரிய ஆவணப்படங்களில் ஒன்று 'தி எபிக் ஆஃப் எவரெஸ்ட்'. ஜார்ஜ் மல்லோரியும் ஆண்ட்ரூ இர்வினும் உயிரிழந்த 1924-ம் ஆண்டு பிரிட்டிஷ் எவரெஸ்ட் பயணத்தை கேப்டன் ஜான் நோயல் படம் பிடித்தார். ஊமைப்படம். 2013-ல் பிரிட்டிஷ் ஃபிலிம் இன்ஸ்டிடியூட் அதைப் புதுப்பித்து வெளியிட்டது.

நோயல் எடுக்க நினைத்தது மலையேறிகளின் வீரக் கதை. ஆனால் இன்று அந்தப் படத்தைப் பார்ப்பவர்களை வேறொன்றும் நிறுத்திவிடுகிறது. மனிதர்களை எறும்பு மாதிரி காட்டும் உயரத்தில், வரிசையாக நிற்கும் ரோங்பக் பகுதியின் பனிக் கோபுரங்கள். அன்றைக்கு அது வெறும் பின்னணி. இன்றைக்கு அது ஒரு சாட்சியம்.

ஏனென்றால், அந்தப் பனி இப்போது அப்படி இல்லை. 1921-ல் மல்லோரி ரோங்பக் பனிப்பாறையை எடுத்த புகைப்படம் ஒன்று உண்டு. 2007-ல் அமெரிக்க மலையேற்ற வீரரும் ஒளிப்பதிவாளருமான டேவிட் பிரெஷியர்ஸ் அதே இடத்துக்குப் போய், அதே கோணத்தில் மீண்டும் படம் எடுத்தார். இரண்டையும் ஒப்பிட்டபோது, பனிப்பாறையின் மேற்பரப்பு செங்குத்தாகச் சுமார் 100 மீட்டர் இறங்கியிருந்தது. முப்பது மாடிக் கட்டிடம் ஒன்று காணாமல் போன மாதிரி!

பனி பதிவானது. மனிதர்கள்? அங்கேதான் சிக்கல். நோயலின் படத்தில் திபெத்திய கிராமத்து மக்கள் வருகிறார்கள். ஆனால் அவர்களை அது வேடிக்கைப் பொருளாகத்தான் பார்க்கிறது. தலையில் பேன் எடுத்து வாயில் போடும் காட்சிகூட உண்டு. லண்டனில் படம் திரையிடப்பட்டபோது, திபெத்திலிருந்து லாமாக்களை அழைத்துவந்து மேடையில் ஆட வைத்தார்கள். இது திபெத் அரசைக் கோபப்படுத்தியது. அடுத்த பிரிட்டிஷ் எவரெஸ்ட் பயணம் 1933 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

அந்த மக்களிடம் யாராவது ஒரே ஒரு கேள்வி கேட்டிருந்தால்? 'உங்க தாத்தா காலத்துல இந்தப் பனி எதுவரைக்கும் இருந்தது?' கேட்டிருந்தால், சிறு பனியுகத்தின் கடைசிக் காலத்தைக் கண்ணால் பார்த்தவர்களின் பிள்ளைகள் பதில் சொல்லியிருக்கக்கூடும். கேமரா இருந்தது, சாட்சிகளும் இருந்தார்கள். கேள்வி மட்டும் எழவில்லை.

உப்பு சொன்ன வானிலை

அந்தக் கேள்விக்கு ஒரு வகையில் பதில் சொன்ன படம், 75 ஆண்டுகள் கழித்து வந்தது. பிரெஞ்சு இயக்குநர் எரிக் வாலியின் 'ஹிமாலயா' (1999). நேபாளத்தின் டோல்போ பகுதியில், பெரும்பாலும் அந்த ஊர் மக்களையே நடிக்க வைத்து எடுக்கப்பட்டது. ஆஸ்கரில் சிறந்த வெளிநாட்டு மொழிப் படப் பிரிவில் நேபாளத்துக்கு முதல் பரிந்துரையைப் பெற்றுத் தந்த படமும் இதுதான்.

கதை எளிமையானது. டோல்போ மக்கள் திபெத்திலிருந்து கிடைக்கும் உப்பை யாக் மாடுகளில் ஏற்றிக்கொண்டு, கணவாய்களைத் தாண்டிக் கீழே போய்த் தானியமாக மாற்றிக்கொண்டு வருவார்கள். அவர்கள் நிலத்தில் விளைவது வருடம் முழுக்கப் போதாது. ஒரு வருடம் பனி முந்திக்கொண்டால் ஊர் பட்டினி.

எப்போது கிளம்புவது என்பதில்தான் சண்டை. கிழவர் டின்லே, லாமாக்கள் குறித்துக் கொடுத்த நாள் வரட்டும் என்கிறார். இளைஞன் கர்மா அதற்கு முன்பே கிளம்பிவிடுகிறான். வழியில் ஓரிடத்தில் டின்லே நெருப்பில் உப்பைப் போட்டுப் பார்க்கிறார். உப்பு வெடிக்கவில்லை. 'புயல் வரப்போகுது, கிளம்புங்க' என்கிறார். வானம் தெளிவாக இருக்கிறது, கர்மா நம்பவில்லை. புயல் வருகிறது.

இதை 'பழைய அறிவே உயர்ந்தது' என்ற நீதிக்கதையாகப் பார்த்தால் பாதியைத்தான் பார்த்தவர்கள் ஆவோம். வானிலையைப் பற்றி அந்த ஊரில் ஒரு வாதம் நடக்கிறது என்பதைக் கவனிக்க வேண்டும். நாள் குறிப்பவர்கள் இருக்கிறார்கள். அதை மீறுபவர்கள் இருக்கிறார்கள். தவறினால் யாருக்கு என்ன இழப்பு என்று எல்லோருக்கும் தெரியும். பருவம் மாறுவதை மலை மக்கள் எதிர்கொண்ட விதமே இதுதான். அறிகுறிகளைப் படிப்பது, கூடிப் பேசுவது, தேதியை மாற்றுவது, பாதையை மாற்றுவது.

படம் அதிகம் பேசாத ஒன்றும் இருக்கிறது. 1959-க்குப் பிறகு திபெத் எல்லை இறுகியது. டோல்போ மக்கள் குளிர்காலத்தில் மந்தைகளை ஓட்டிச்சென்ற வடக்கு மேய்ச்சல் நிலங்கள் அவர்களுக்கு மூடப்பட்டன. திபெத்திலிருந்து தப்பி வந்தவர்களின் மந்தைகளும் சேர, டோல்போவின் புல் தாங்கவில்லை, ஏராளமான கால்நடைகள் இறந்தன. பிறகு இந்தியாவிலிருந்து அயோடின் கலந்த உப்பு வந்து, திபெத் உப்பின் சந்தையையும் சுருக்கியது.

கெட்ட வருடங்களைத் தாண்டிச்செல்ல அவர்களிடம் இருந்த வழிகள் ஒவ்வொன்றாக மூடப்பட்டன. மூடியது வானிலை இல்லை, எல்லைக்கோடும் சந்தையும். இந்தக் கட்டுரையின் மையக் கருத்தும் அதுதான். மறுபடி அதற்கு வருவோம்.

உள்ளூர்க்காரர் கையில் கேமரா: கியா கிராமம்

இதுவரை பார்த்த இரண்டு படங்களும் வெளியிலிருந்து போனவர்கள் எடுத்தவை. லடாக்கில் அது மாறியது.

லே நகரிலிருந்து மணாலி போகும் சாலையில் உள்ள உயரமான கிராமம் கியா. அங்கே பிறந்தவர் இயக்குநர் ஸ்டான்சின் டோர்ஜாய் கியா. கிறிஸ்டியன் மோர்டலே என்ற பிரெஞ்சு இயக்குநருடன் சேர்ந்து அவர் எடுத்த படம் 'ஜுங்வா' (2012). திபெத்திய பௌத்த மரபில் ஜுங்வா என்பது நிலம், நீர், நெருப்பு, காற்று, வெளி ஆகிய பூதங்களைக் குறிக்கும் சொல். அவற்றுக்கு இடையிலான சமநிலை குலைந்துவிட்டது என்பதுதான் படத்தின் பேச்சு.

பின்னணியில் இருப்பது 2010 ஆகஸ்ட் வெள்ளம். லே நகரில் ஒரு வருடம் முழுக்கப் பெய்வதே சுமார் 100 மில்லிமீட்டர் மழைதான். அங்கே ஒரே இரவில் கொட்டிய மழையில் 200-க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தார்கள். லடாக் வீடுகள் பச்சை மண்கல்லால் கட்டப்பட்டவை, மேலே தட்டையான மண் கூரை. மழை பெய்யாத ஊருக்கான வீடு அது. பருவநிலை மாறினால் முதலில் தோற்பது அந்தச் சுவர்தான்.

அடுத்த படம் 'ஷெப்பர்டெஸ் ஆஃப் தி கிளேசியர்ஸ்', பனிப்பாறைகளின் இடைச்சி. இயக்குநரின் சொந்தச் சகோதரிதான் அதன் நாயகி. சில நூறு செம்மறியாடுகளையும் பஷ்மினா வெள்ளாடுகளையும் ஓட்டிக்கொண்டு, 5,000 மீட்டர் உயரத்து மேய்ச்சல் நிலங்களில் தனியாக அலைகிறார். துணைக்கு ஒரு ரேடியோ.

இந்தப் படத்தில் பருவநிலை மாற்றம் பற்றி யாரும் பாடம் நடத்துவதில்லை. ஆனால் ஒவ்வொரு நாளும் அவர் எடுக்கும் முடிவுகளைப் பாருங்கள். எந்தப் பள்ளத்தாக்கில் புல் இருக்கும், எங்கே பனி மூடியிருக்கும், இன்றைக்கு நகரலாமா, இன்னொரு நாள் பொறுக்கலாமா? ஆய்வாளர்கள் 'தகவமைப்பு' என்று எழுதுவதை அவர் காலால் செய்துகொண்டிருக்கிறார். சகோதரன் கேமராவுக்குப் பின்னால் இருப்பதால், வேடிக்கை பார்க்கப்படும் கூச்சம் அவரிடம் இல்லை.

இதே கியா கிராமத்துக்கு மேலே ஒரு பனிப்பாறை ஏரி இருக்கிறது. 2014 ஆகஸ்டில் அதிலிருந்து திடீரென வெளியேறிய நீர், கிராமத்தில் வீடுகளையும் வயல்களையும் பாலங்களையும் சேதப்படுத்தியது. சமநிலை குலைந்துவிட்டது என்று அந்த ஊர்க்காரர் படம் எடுத்து இரண்டே ஆண்டுகள் ஆகியிருந்தன.

பேரிடர் 'கிளைமாக்ஸ்' ஆகும்போது

நம் வணிக சினிமாவில் பனிமலை என்றால் பெரும்பாலும் பாட்டுக் காட்சிதான். ஹீரோவும் ஹீரோயினும் பனியை அள்ளி வீசுவார்கள். அந்த ஊரில் ஆட்கள் இருக்கிறார்களா என்பதே தெரியாது.

அதைத் தாண்டி வந்த படம் இந்தியில் 'கேதார்நாத்' (2018). 2013 ஜூன் வெள்ளத்தை மையமாக வைத்த காதல் கதை. கனமழையும், கோயிலுக்கு மேலே இருந்த சோராபாரி ஏரி உடைந்ததும் சேர்ந்து, ஆயிரக்கணக்கானோரைப் பலிகொண்ட பேரிடர் அது. இந்து-முஸ்லிம் காதல் கதை என்பதால் எழுந்த எதிர்ப்பில், உத்தராகண்டின் ஏழு மாவட்டங்களில் படம் திரையிடப்படவில்லை.

படத்தில் வெள்ளம் கடைசியில் வருகிறது, எல்லாவற்றையும் அடித்துக்கொண்டு போகிறது. கதை முடிய ஒரு வெள்ளம் தேவைப்பட்டது, வந்தது. ஆனால் மலை மக்களின் அனுபவத்தில் வெள்ளம் கடைசிக் காட்சி கிடையாது. அதற்கு முன்பு இருபது, முப்பது ஆண்டுகளாகச் சின்னச் சின்ன மாற்றங்கள் நடந்திருக்கும். அதற்குப் பிறகு நிவாரணம், இடமாற்றம், கடன் என்று இன்னொரு வாழ்க்கை இருக்கும்.

பூட்டான் படமான 'லுனானா: எ யாக் இன் தி கிளாஸ்ரூம்' (2019) இதற்கு நேர்மாறு. லுனானா பள்ளத்தாக்கில், சூரிய ஒளியில் மின்னேற்றிய பேட்டரிகளை நம்பி எடுக்கப்பட்ட படம். பனி குறைந்துகொண்டே வருவது பற்றிய கவலை, ஆசிரியரை ஊருக்கு அழைத்துப் போகும் நீண்ட நடையில் போகிற போக்கில் வந்து போகிறது. அவ்வளவுதான். ஆனால் அந்தப் பள்ளத்தாக்கின் வரலாறு தெரிந்தால் அந்தப் பேச்சு கனமாகக் கேட்கும். 1994 அக்டோபரில் அங்கிருந்த லுக்கே என்ற பனிப்பாறை ஏரி உடைந்து 20-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். பல பத்து கிலோமீட்டர் கீழே இருக்கும் புனாகா வரை வெள்ளம் போனது.

செல்போன் வீடியோ அறிவியல் ஆதாரமான கதை

2021 பிப்ரவரி 7-ம் தேதி காலை. உத்தராகண்டின் சமோலி மாவட்டத்தில் ரோண்டி சிகரத்திலிருந்து சுமார் 2.7 கோடி கன மீட்டர் பாறையும் பனியும் பெயர்ந்து விழுந்தன. கீழே இருந்த ரிஷிகங்கா, தபோவன் விஷ்ணுகாட் என்ற இரண்டு நீர்மின் திட்டங்கள் சிதைந்தன. 200-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள் அல்லது காணாமல் போனார்கள். பலர் அந்தத் திட்டங்களின் தொழிலாளர்கள்.

மேட்டில் இருந்தவர்கள் எடுத்த செல்போன் வீடியோக்கள் அன்றே உலகம் முழுக்கப் போயின. சில மாதங்களில் 'சயின்ஸ்' இதழில் வெளியான ஆய்வில், செயற்கைக்கோள் படங்களுடனும் நில அதிர்வுப் பதிவுகளுடனும் சேர்த்து அந்த வீடியோக்களையும் விஞ்ஞானிகள் ஆதாரமாகப் பயன்படுத்தினார்கள். 1924-ல் மக்களைப் பார்க்காமல் போன கேமரா, 2021-ல் அவர்கள் கைக்கே வந்துவிட்டது.

அந்த வெள்ளம் தாக்கிய முதல் ஊர்களில் ஒன்று ரைனி. பெயர் ஞாபகம் இருக்கிறதா? 1974 மார்ச்சில் கௌரா தேவி தலைமையில் பெண்கள் மரங்களைக் கட்டிப்பிடித்துக் காட்டைக் காத்த அதே ரைனி. சிப்கோ இயக்கம் திடீரென்று முளைத்தது இல்லை. 1970-ல் அலக்நந்தாவில் வந்த பெரு வெள்ளத்துக்குப் பிறகு, 'மேலே காட்டை வெட்டினா கீழே வெள்ளம் வருது' என்று கிராமத்தினர் கோத்துப் பார்த்ததும் அதன் பின்னால் இருந்தது. பேரிடர் நினைவு அரசியலாக மாறிய உதாரணம் அது.

ஆனால் இங்கே ஓர் எச்சரிக்கையும் தேவை. மக்கள் நினைவு எப்போதும் சரியாக இருக்கும் என்று சொல்ல முடியாது. 1965-ல் அமெரிக்க, இந்திய உளவுத்துறைகள் நந்தா தேவிக்குக் கொண்டுபோய்த் தொலைத்த புளூட்டோனியம் கருவிதான் 2021 வெள்ளத்துக்குக் காரணம் என்று ரைனியில் பலர் சந்தேகப்பட்டார்கள். கருவி தொலைந்தது உண்மை. ஆனால் வெள்ளத்துக்குக் காரணம் பாறையும் பனியும் சரிந்ததே என்பதை ஆய்வு காட்டியது.

அதேபோல ஒவ்வொரு மலைச்சரிவையும் பருவநிலை மாற்றத்தின் கணக்கில் எழுதிவிட முடியாது. நிலநடுக்கம், பாறையின் அமைப்பு, சாலைக்காக வெடி வைப்பது, ஆற்றங்கரையில் கட்டுவது என்று காரணங்கள் பல. மக்கள் சொல்வதைப் புனிதமாக்கவும் வேண்டாம், மூடநம்பிக்கை என்று ஒதுக்கவும் வேண்டாம். வேறு எந்த ஆதாரத்தையும் போலச் சரிபார்த்துப் பயன்படுத்த வேண்டியதுதான்.

அன்று முடிந்தது, இன்று ஏன் முடியவில்லை?

இந்தப் படங்களை வரிசையாக வைத்துப் பார்த்தால் ஒரு விஷயம் தெளிவாகத் தெரியும். மலை மக்கள் 'இயற்கையோடு இயைந்து' நிம்மதியாக வாழ்ந்தார்கள் என்பது கீழே இருக்கும் நாம் கட்டிய கதை. அவர்கள் பஞ்சத்தைப் பார்த்தார்கள், மந்தைகளை இழந்தார்கள், ஊர்களைக் காலி செய்தார்கள். தாக்குப்பிடிக்க உதவியது, அவர்கள் கையில் ஒன்றுக்கு மேற்பட்ட வழிகள் இருந்தது.

- நகரும் வழி: புல் இல்லையென்றால் அடுத்த பள்ளத்தாக்கு.
- பரிமாற்ற வழி: தானியம் இல்லையென்றால் உப்பு, கம்பளி.
- பங்கீட்டு வழி: லடாக் கிராமங்களில் இன்றும் 'சுர்போன்' என்று ஒருவர் உண்டு. பனி உருகி வரும் நீரை எந்த வயலுக்கு எப்போது விடுவது என்பதை அவர் முறைப்படுத்துவார்.
- பேச்சு வழி: கிளம்பும் தேதி, விதைக்கும் தேதி போன்றவற்றைக் கூடி முடிவு செய்தல்.

இன்றைக்கு நகரும் வழியை எல்லைகளும் வேலிகளும் அடைத்துவிட்டன. பரிமாற்றம் சந்தையின் கையில். இளைஞர்கள் படிப்புக்கும் வேலைக்கும் கீழே இறங்கிவிட்டார்கள். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி உத்தராகண்டில் மட்டும் 1,000-க்கும் மேற்பட்ட கிராமங்கள் ஆளில்லாதவை. சிருஷ்டி லகேராவின் தேசிய விருது பெற்ற ஆவணப்படம் 'ஏக் தா காவ்' அப்படிக் காலியாகிக்கொண்டிருக்கும் ஒரு கர்வால் ஊரில் மிஞ்சியிருக்கும் முதியவளையும் இளம்பெண்ணையும் பின்தொடர்கிறது. ஊர் காலியாவதற்குப் பருவநிலை மட்டும் காரணம் இல்லை. ஆனால் ஆள் இல்லாத ஊரில், ஓடை முன்பு எந்த வழியாக வந்தது என்று சொல்ல யாரும் இருக்க மாட்டார்கள்.

இன்னொரு பக்கம், மாற்றத்தின் வேகம் கூடிக்கொண்டே போகிறது. 2011 முதல் 2020 வரையான பத்தாண்டில் இந்துகுஷ் இமயமலைப் பனிப்பாறைகள் உருகிய வேகம் அதற்கு முந்தைய பத்தாண்டைவிட 65 சதவீதம் அதிகம் என்கிறது காட்மாண்டுவில் உள்ள இசிமோட் மையத்தின் 2023 அறிக்கை. உமிழ்வு குறையாவிட்டால் இந்த நூற்றாண்டின் இறுதிக்குள் பனிப்பாறைகளின் கன அளவில் 80 சதவீதம் வரை போய்விடலாம் என்றும் அது எச்சரிக்கிறது.

வழிகள் குறைந்துகொண்டே வர, வேகம் கூடிக்கொண்டே போகிறது. சிக்கல் அங்கேதான்.

புதிய வழிகள் உண்டா?

உண்டு. லடாக்கில் ஓய்வுபெற்ற பொறியாளர் செவாங் நோர்பெல், குளிர்காலத்தில் வீணாக ஓடும் நீரைத் தேக்கி உறைய வைத்து, விதைப்புக் காலத்தில் உருகச் செய்யும் செயற்கைப் பனிப்பாறைகளை உருவாக்கினார். 2015-ல் அவருக்குப் பத்மஸ்ரீ கிடைத்தது. ஏப்ரல், மே மாதங்களில் வயலுக்கு நீர் வேண்டும் என்ற கிராமத்துக் கணக்கிலிருந்து பிறந்த யோசனை அது.

எச்சரிக்கை அமைப்பு எவ்வளவு முக்கியம் என்பதற்கு இரண்டு சம்பவங்கள் போதும். 2025 மே 28-ல் சுவிட்சர்லாந்தின் பிளாட்டன் கிராமத்தின் மீது பிர்ச் பனிப்பாறை சரிந்து விழுந்தது. ஊரின் பெரும்பகுதி புதைந்தது. ஆனால் மலையைக் கண்காணித்து வந்ததால், சுமார் 300 பேரும் ஒரு வாரத்துக்கு முன்பே வெளியேற்றப்பட்டிருந்தார்கள். சிக்கிமில் 2023 அக்டோபர் 4-ல் தெற்கு லோனாக் ஏரி உடைந்தபோது, அந்த ஏரி ஆபத்தானது என்று ஆய்வாளர்கள் பல ஆண்டுகளாகச் சொல்லி வந்திருந்தார்கள். எச்சரிக்கை அமைப்பு முழுமையாக நிறுவப்படும் முன்பே வெள்ளம் வந்துவிட்டது. 1,200 மெகாவாட் தீஸ்தா-3 அணை உடைந்தது. 100-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள் அல்லது காணாமல் போனார்கள்.

இதில் திரைப்படம் என்ன செய்ய முடியும்? அணையைக் காக்காது. ஆனால் மூன்று காரியங்களுக்கு உதவும்.

முதலாவது, பழைய படங்களில் ஆறு எங்கே ஓடியது, பனி எதுவரை இருந்தது, ஊர் எங்கே இருந்தது என்பதெல்லாம் பதிவாகியிருக்கிறது. அபாய வரைபடம் தயாரிப்பவர்களுக்கு அது ஓர் ஆதாரம். அதற்கு அந்தப் பிரதிகள் பாதுகாக்கப்பட வேண்டும், ஆய்வாளர்களுக்கும் மலை ஊர்களுக்கும் கிடைக்க வேண்டும்.

இரண்டாவது, ஊர்ப் பெரியவர்களிடம் கேட்டுப் பதிவு செய்ய வேண்டியவை இன்னும் ஏராளம். எந்த வருடம் எந்த ஓடை உடைத்தது, எந்த மேட்டில் யாரும் வீடு கட்டமாட்டார்கள், ஏன்? செல்போன் எல்லோர் கையிலும் இருக்கிறது. பேரிடர் வந்தபிறகு எடுப்பதைப் போலவே, வருவதற்கு முன்பும் எடுக்கலாம்.

மூன்றாவது, சாலைக்கோ நீர்மின் திட்டத்துக்கோ மக்கள் கருத்துக் கேட்புக் கூட்டம் நடக்கும்போது, இந்தச் சாட்சியங்கள் கோப்புக்குள் போக வேண்டும். 'அந்த ஓடை ஒருதடவை வந்துச்சு' என்று ஒரு கிழவர் சொன்னால், அதைச் சரிபார்க்காமல் திட்ட அறிக்கை கையெழுத்தாகக் கூடாது.

அடுத்தமுறை பனிமலைப் படம் ஒன்று பார்க்கும்போது, பின்னணியில் இருக்கும் சரிவைக் கொஞ்சம் கவனியுங்கள். ஊர் எங்கே இருக்கிறது, ஓடை எங்கே இருக்கிறது, ஆடு மேய்ப்பவர் எந்தப் பக்கம் திரும்பிப் பார்க்கிறார்? கதாசிரியர் எழுதாத ஒரு தகவல் அங்கே இருக்கும். அந்த ஊர்க்காரர்களுக்கு அது ஏற்கெனவே தெரிந்திருக்கும்.